கேட்டல்: வகுப்பறை ஒழுங்கின் சில நூற்றாண்டுகள்

யேர்மனியில் நான் கேட்ட முதல் விரிவுரை முடிந்தபோது மண்டபம் முழுவதும் மேசைகளில் தட்டுகிற சத்தம் எழுந்தது. நான் திடுக்கிட்டு எழும்பிவிட்டேன். எண்பதுகளின் நடுவில் ஊரைவிட்டு ஓடிவந்தவனுக்குத் தட்டுகிற சத்தம் என்றால் இராக்காலத்தில் கதவில் கேட்பதுதான். பக்கத்தில் இருந்த யேர்மன் பெடியன் சிரித்துவிட்டு, அது பேராசிரியருக்குச் செய்கிற மரியாதை என்று விளங்கப்படுத்தினான். இங்கே விரிவுரை முடிந்ததும் மாணவர் கைதட்டுவதில்லை; விரல் மொளியால் மேசையில் தட்டுவார்கள். பத்து மணிக்கு விரிவுரை என்று போட்டிருந்தால் பெரும்பாலும் பத்தேகாலுக்குத்தான் தொடங்கும். இவற்றையெல்லாம் யாரும் எழுதி ஒட்டி வைப்பதில்லை. தெரிந்தவனுக்குத் தெரியும், தெரியாதவன் வந்தவன், வரத்தான்.

ஆனால் எனக்குக் கிடைத்த உண்மையான அடி அதற்குப் பிறகுதான் வந்தது. ஒரு செமினாரின் முடிவில் பேராசிரியர் என்னைத் தனியே கூப்பிட்டார். எழுதித் தந்த கட்டுரை நன்றாக இருக்கிறது, ஆனால் இத்தனை கிழமையாக ஒரு வார்த்தைகூட நீங்கள் பேசவில்லை, இந்தப் பாடத்தில் உங்களுக்கு ஈடுபாடு இல்லையோ என்று கேட்டார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நான் பேசாமல் இருந்ததே அவருக்குச் செய்த மரியாதை. ஊரில் எனக்குப் படிப்பித்தவர்கள் இடையிலே கேள்வி கேட்கிறவனை முந்திரிக்கொட்டை என்றார்கள். நல்ல பிள்ளை என்றால் வாய் பொத்தி இருக்கிற பிள்ளை. அந்தப் பேராசிரியரோ என்னுடைய மரியாதையை அறியாமை என்று வாசித்தார்.

நெடுங்காலம் இதற்கு நான் ஒரு சுலபமான விளக்கம் வைத்திருந்தேன். கீழைத்தேயத்தவர் கேட்பவர்கள், மேலைத்தேயத்தவர் பேசுபவர்கள். அது அவரவர் பண்பாடு. எம்மவர் கூட்டங்களில் இதைச் சொன்னால் தலையாட்டுவார்கள். பிறகு ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் பழைய வரலாற்றையும் எங்கள் நன்னூலையும் ஒருசேர வாசிக்க நேர்ந்தபோதுதான் இந்த விளக்கம் இரண்டு பக்கத்திலும் பிழை என்று தெரிந்தது. வகுப்பறையில் யார் வாய் திறக்கலாம், யார் வாங்கில் இருக்கலாம், யார் நிலத்தில் இருக்கவேண்டும் என்பவை பண்பாட்டின் இரத்தத்தில் ஓடிய விடயங்கள் அல்ல. அவற்றை ஒவ்வொரு காலத்திலும் யாரோ தீர்மானித்திருக்கிறார்கள்.

*

இத்தாலியின் பொலோன்யாவிலிருந்து தொடங்கலாம். பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் அங்கே சட்டம் படிக்க வந்தவர்களிற் பெரும்பாலோர் வெளியூரார். அல்ப்ஸ் மலைக்கு அப்பாலிருந்து வந்த யேர்மனியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஒரு பகுதி. இத்தாலியின் மற்ற நகரங்களிலிருந்து வந்தவர்கள் இன்னொரு பகுதி. நகரத்தின் சட்டம் நகரவாசிக்கே பாதுகாப்பளித்தது. ஒரு ஊரவன் கடன் கட்டாமல் ஓடிப்போனால் அந்த ஊரைச் சேர்ந்த வேறொருவனைப் பிடித்துக் கடனை அறவிடும் வழக்கமும் அன்று இருந்தது. அகப்படுகிறவன் பெரும்பாலும் மாணவன். 1150களில் பேரரசன் முதலாம் பிரெடெரிக் பிறப்பித்த ஆணை ஒன்று இவ்வாறு மாணவரைப் பிடிப்பதைத் தடைசெய்தது. அந்த ஆணை மாணவரை அறிவின்மேல் கொண்ட காதலால் நாடுகடந்தவர்களாகியோர் என்று குறிப்பிடுகிறது. இன்று நாங்கள் எக்ஸைல் என்று சொல்கிறோமே, அதன் லத்தீன் மூலச்சொல்லே அங்கு வருகிறது.

இந்த அந்நியர்கள் தமக்கென்று சங்கம் அமைத்துக்கொண்டார்கள். யூனிவெர்சித்தாஸ் என்ற லத்தீன் சொல் அன்று கட்டடத்தையோ கலைகளையோ குறிக்கவில்லை. சங்கம் என்பதே அதன் பொருள். செருப்புத் தைப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருந்ததுபோல மாணவருக்கும் ஒன்று. அதன் தலைவனை மாணவரே தெரிந்தெடுத்தார்கள். பேராசிரியர்கள் அந்தச் சங்கத்தில் உறுப்பினர் அல்லர். ஆனால் அதன் விதிகளுக்குக் கீழ்ப்படிவதாகச் சத்தியம் செய்யவேண்டும். வீட்டு வாடகை எவ்வளவு என்பதையும் நகரத்தோடு பேரம்பேசி நிர்ணயித்தது இந்தச் சங்கம்தான்.

பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதப்பட்ட பொலோன்யாச் சட்டவிதிகளைப் படிக்கும்போது, மாணவன் எப்படி நடக்கவேண்டும் என்று தேடிப்போனால் ஆசிரியன் எப்படி நடக்கவேண்டும் என்பதே நிறைய இருக்கிறது. மாணவரிடம் அனுமதி பெறாமல் ஆசிரியர் ஒருநாள் வராவிட்டாலும் தண்டம். மணி அடித்ததும் தொடங்கவேண்டும். அடுத்த மணி அடித்து ஒரு நிமிடத்துக்குள் நிறுத்தவேண்டும். ஓர் அத்தியாயத்தையும் தாண்டிப் போகக்கூடாது. கடினமான இடத்தைப் பிறகு பார்ப்போம் என்று பாடத்தின் கடைசிக்குத் தள்ளக்கூடாது. இன்ன நாளுக்குள் இன்ன பகுதி முடிந்திருக்கவேண்டும். வழக்கமான விரிவுரைக்கு ஐந்து பேர் வராவிட்டால் ஆசிரியரே வராத கணக்கில் தண்டம் கட்டவேண்டும். இந்தத் தண்டங்களுக்கென்று ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு தொகையை அவர் முற்பணமாக வைப்பிலிட்டிருப்பார். அவரைக் கண்காணித்து முறையிட மாணவர் சிலர் இரகசியமாக நியமிக்கப்பட்டிருந்தனர்.

இத்தனை அதிகாரம் எங்கிருந்து வந்தது? ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்தது மாணவர் என்பதிலிருந்து. பதின்மூன்றாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற சட்ட ஆசிரியரான ஒடோபிரேதுஸ் ஆண்டு முடிவுப் பாடத்தில் தன் மாணவரிடம் முறைப்பட்டிருக்கிறார். அடுத்த வருடம் மேலதிகப் பாடம் எடுக்கமாட்டாராம், ஏனென்றால் எல்லோருக்கும் அறிவு வேண்டும், ஆனால் ஒருவருக்கும் காசு கொடுக்க மனமில்லை என்று. எங்கள் ஊர் ரியூட்டரி மாஸ்ரர்களின் குரல் இதிற் கேட்கவில்லையா? பின்னர் நகராட்சி பேராசிரியருக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது. படிப்படியாக மாணவரின் பிடி தளர்ந்தது.

மாணவரின் கடைசி ஆயுதம் வெளியேறுதல். சொந்தக் கட்டடம் இல்லாத பல்கலைக்கழகத்துக்கு மூட்டை கட்டுவது சுலபம். 1222இல் பொலோன்யாவை விட்டுப் போனவர்களால் பாதுவாப் பல்கலைக்கழகம் உருவானது. 1209இல் ஒக்ஸ்போர்ட்டில் மாணவர் சிலர் தூக்கிலிடப்பட்டதையடுத்து வெளியேறியவர்களிற் சிலர் கேம்பிரிட்ஜில் குடியேறினர். 1409இல் பிராக்கை விட்டு வெளியேறிய யேர்மன் ஆசிரியரும் மாணவரும் லைப்சிக் பல்கலைக்கழகத்தைத் தொடக்கினர். ஐரோப்பாவின் பெருமைக்குரிய கல்விக்கூடங்களிற் பல இவ்வாறு புலம்பெயர்ந்தவர்களால் தொடக்கப்பட்டவை. இதை எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.

*

பாரிசில் நிலைமை வேறு. அங்கே சங்கம் ஆசிரியர்களுடையது. கலைப்பீட மாணவர் பதினான்கு, பதினைந்து வயதுப் பெடியள். செயின் நதியின் இடதுகரையில், நோத்ர் டாம் தேவாலயத்துக்கு எதிர்ப்பக்கமாக, ரு டு புவார் என்ற ஒரு சிறு தெரு இன்றும் இருக்கிறது. பாரிசில் இருக்கும் வாசகர்கள் போய்ப் பார்க்கலாம். வைக்கோல் தெரு என்பது அதன் பொருள். கலைப்பீட வகுப்புகள் அந்தத் தெருவில்தான் நடந்தன. மாணவர் நிலத்தில் பரப்பிய வைக்கோலில் இருந்து பாடம் கேட்டார்கள். தாந்தே தன் காவியத்தில் இந்தத் தெருவைக் குறிப்பிடுகிறார்.

வைக்கோல் வறுமையால் மட்டும் வந்ததல்ல. மாணவர் மெல்ல மெல்ல வாங்குகளில் ஏறத் தொடங்கியிருக்கவேண்டும். 1366இல் பாப்பரசர் ஐந்தாம் ஊர்பனின் பிரதிநிதிகள் கொண்டுவந்த சீர்திருத்தம், மாணவர் ஆசிரியர் முன்னிலையில் நிலத்திலேயே இருக்கவேண்டும், உயர்ந்த ஆசனங்களில் இருக்கக்கூடாது என்றது. இளைஞரிடம் செருக்கு உண்டாக இடம் கொடுக்கக்கூடாது என்பது சொல்லப்பட்ட காரணம். 1452இலும் இதையே திருப்பிச் சொல்லவேண்டி வந்தது. ஒரு விதியைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள் என்றால் அதை ஒருவரும் சரியாகக் கைக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

1355 டிசம்பரில் கலைப்பீடம் இயற்றிய இன்னொரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. விரிவுரை செய்ய இரண்டு முறைகள் உண்டு என்கிறது அது. ஒன்று, மனத்தால் பற்றலாம், ஆனால் கையால் எழுத முடியாத வேகத்தில் பேசுவது. மற்றது, மாணவர் ஒவ்வொரு சொல்லாக எழுதிக்கொள்ளும்படி நிறுத்திச் சொல்வது. இனிமேல் முதலாவது முறையே கைக்கொள்ளப்படவேண்டும். மீறும் ஆசிரியர் ஓராண்டு பாடம் சொல்லும் உரிமையை இழப்பார். மாணவருக்கு இது பிடிக்காது என்று விதியை எழுதியவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. கூச்சலிட்டோ, சீறியோ, தாமாகவோ தம் வேலைக்காரரைக் கொண்டோ கல்லெறிந்தோ இதைக் குழப்புகிற மாணவர் ஓராண்டு விலக்கி வைக்கப்படுவர் என்று அதே விதி சொல்கிறது. திரும்பச் செய்தால் தண்டனை இரட்டிக்கும். கல்லெறியும் மாணவர் கேட்டது என்ன? நோட்ஸ். பேராசிரியர் சொல்லச் சொல்லக் கொப்பியில் எழுதும் உரிமை.

இதை வைத்துப் பாரிஸ் மாணவர் வாயடைத்து வைக்கப்பட்டிருந்தனர் என்று முடிவுகட்டக்கூடாது. விரிவுரை படிப்பின் ஒரு கால். தருக்கம் மற்றக் கால். ஆசிரியர் ஒரு வினாவை முன்வைப்பார். ஒரு மாணவன் ஒரு பக்கத்தை ஏற்று விடை சொல்லவேண்டும். மற்றவர்கள் மறுக்கவேண்டும். கடைசியில் ஆசிரியர் தீர்வு சொல்வார். இவ்வாறு வாதிட்டுக் காட்டாமல் யாரும் பட்டம் பெற முடியாது. இறையியற் பீடத்தில் கிறிஸ்துமசுக்கு முந்திய காலத்திலும் தவக்காலத்திலும் எவரும் எதைப்பற்றியும் வினவலாம் என்ற பகிரங்க அமர்வுகள் நடந்தன. தோமஸ் அக்குவைனஸ் போன்றவர்களே அவற்றில் அமர்ந்து பதில் சொல்லியிருக்கிறார்கள். விரிவுரையில் வாய் திறக்காமலிருப்பது கடமை என்றால், தருக்கத்தில் வாய் திறப்பதும் கடமை.

ஆனால் எந்த மொழியில்? லத்தீனில் மட்டும். 1481 அளவில் ஹைடல்பேர்க்கில் அச்சான, மாணவருக்கான லத்தீன் உரையாடற் கைநூல் ஒன்று இருக்கிறது. அதில் ஓநாய்கள் பற்றிய பேச்சு வருகிறது. விடுதியில் தாய்மொழி பேசுகிறவனை இரகசியமாகக் கவனித்துப் பெயர் எழுதிக் கொடுக்கிற மாணவனுக்குத்தான் ஓநாய் என்று பெயர். அதே நூலில் புதுமாணவனை மிருகமாகப் பாவித்து, கொம்பு அறுப்பதாகவும் பல் பிடுங்குவதாகவும் நடிக்கும் சடங்கும் வருகிறது. மஞ்சட் சொண்டுக் குஞ்சு என்பது அவனுக்கு வைத்த பெயர். புதியவன் வகுப்பறைக்குள் காலடி வைக்கமுதல் அவனுக்குத் தலைகுனியப் பழக்கவேண்டும் என்பதில் எல்லா நாட்டு மூத்த மாணவரும் ஒரே புத்தியுள்ளவர்கள்தான்.

*

அப்படியென்றால் என்னிடம் அந்தப் பேராசிரியர் எதிர்பார்த்த செமினார்ப் பேச்சு எப்போது வந்தது? பழைய தருக்கம் காலப்போக்கில் வெறும் சடங்காகிப்போனது. 1730களின் இறுதியில் கோட்டிங்கனில் செவ்வியல் மொழிகளுக்கான செமினார் ஒன்று தொடங்கப்பட்டது. சிறிய குழு; கையில் மூலநூல்; ஒவ்வொருவரும் ஆராய்ந்து எழுதி, மற்றவரின் கேள்விக்கு முகங்கொடுக்கவேண்டும். 1810இல் பெர்லினில் புதிய பல்கலைக்கழகம் தொடங்கியபோது, அதற்கு வழிவகுத்த வில்ஹெல்ம் பொன் ஹும்போல்ட் ஆசிரியர் மாணவருக்காக இருப்பவர் அல்லர், இருவரும் அறிவுக்காகவே இருக்கிறார்கள் என்று எழுதினார். பின்னர் அங்கே வரலாற்றாசிரியர் ராங்கே மாணவர் சிலரைக் கூட்டிவைத்துப் பழைய ஆவணங்களை வரி வரியாகச் சோதிக்கப் பழக்கினார். இந்த முறைதான் பிறகு அமெரிக்கா வரை போனது. ஆக, மேலைத்தேயத்தவரின் பிறவிக்குணம் என்று நான் நினைத்திருந்தது சில நூற்றாண்டுப் பழக்கம் மாத்திரமே.

இந்த அறிவுக்கான தோழமையில் பெண்களுக்கு இடம் இருக்கவில்லை. பிரஷ்யாவில் 1908இல்தான் பெண்கள் முறையாகப் பல்கலைக்கழகத்தில் பதிவுசெய்ய அனுமதிக்கப்பட்டனர். ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் சோபியா ஜெக்ஸ்-பிளேக்கும் தோழியரும் மருத்துவம் படிக்க முயன்ற கதை, மாணவர் நடத்தை பற்றிப் பேசுகிற எவரும் அறியவேண்டியது. 1870 நவம்பர் 18ஆம் திகதி அவர்கள் உடற்கூற்றியல் பரீட்சைக்குப் போனபோது வாசலில் திரண்ட ஆண் மாணவர் கூட்டம் சேற்றை வாரி எறிந்து கதவை அடித்துச் சாத்தியது. எப்படியோ உள்ளே போய் அமர்ந்தார்கள். அப்போது ஒரு செம்மறியாட்டை மண்டபத்துக்குள் தள்ளிவிட்டார்கள். அது இருந்துவிட்டுப் போகட்டும், வெளியில் நிற்பவர்களைவிட அதற்கு அறிவு கூட என்று ஆசிரியர் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. 1873இல் நீதிமன்றமும் அந்தப் பெண்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது.

மாணவர் சத்தம் போட்டால் அது விடுதலையின் சத்தம் என்று இலகுவாக நம்பிவிடுகிறோம். எடின்பரோ அப்படியல்ல. 1933 வசந்தத்தில் யேர்மன் பல்கலைக்கழகங்களில் யூதப் பேராசிரியர்களின் விரிவுரைகளைப் பகிஷ்கரித்துக் குழப்பியவர்கள் மாணவர். மே 10ஆம் திகதி இரவு பெர்லினில், ஹும்போல்ட் கனவுகண்ட பல்கலைக்கழகத்தின் எதிரிலே, புத்தகங்களைக் கொளுத்தியவர்களும் மாணவர். அந்தத் தலைமுறை ஆசிரியர் பலர் போருக்குப் பிறகும் ஒன்றும் நடக்காததுபோல அங்கி அணிந்து ஊர்வலம் வந்தார்கள். 1967 நவம்பர் 9ஆம் திகதி ஹம்பேர்க்கில் இரண்டு மாணவர்கள் அந்த ஊர்வலத்தின் முன்னாலே துணிப்பதாகை பிடித்தார்கள். இந்த அங்கிகளுக்குக் கீழே ஆயிரம் ஆண்டுப் புழுக்க நாற்றம் வீசுகிறது என்பது அதன் கருத்து. ஹிட்லரின் ஆயிரமாண்டு ஆட்சியையும் அது தொட்டது. அது கேட்கப்படவேண்டிய கேள்வி. ஆனால் ஒன்றரை வருடம் கழித்து, 1969 ஏப்ரலில், ஹிட்லரின் காலத்தில் நாட்டைவிட்டுப் போய்த் திரும்பிவந்த அடோர்னோவின் விரிவுரையைப் பிராங்பேர்ட் மாணவர் பேசவிடாமல் குழப்ப, அவர் மண்டபத்தை விட்டு வெளியேறினார். அந்த ஓகஸ்டில் அவர் இறந்துபோனார். கேள்வி எங்கே முடிகிறது, வாயடைத்தல் எங்கே தொடங்குகிறது என்பதற்கு ஒரு கோடு கிழித்துக் காட்ட முடியாது. ஆனால் கோடு இருக்கிறது.

*

இனி எங்கள் பக்கம். பாரிஸ் கலைப்பீடத்துக்கு முதல் விதிமுறைகள் எழுதப்பட்டது 1215இல். ஏறத்தாழ அதே காலத்தில், சீயகங்கன் என்ற சிற்றரசனின் ஆதரவில், சமணரான பவணந்தி முனிவர் நன்னூலை எழுதினார். அதன் பாயிரத்தில் ஆசிரியன், பாடம் சொல்லும் முறை, மாணவன், பாடம் கேட்கும் முறை என்று ஒவ்வொன்றுக்கும் இலக்கணம் இருக்கிறது. 1851இல் ஆறுமுக நாவலர் நன்னூல் விருத்தியுரையை அச்சிற் பதிப்பித்தார். யாழ்ப்பாணத்தில் தமிழ் படித்த எத்தனையோ பேர் இந்தச் சூத்திரங்களை மனனம் செய்தார்கள்.

எங்கள் வாத்தியார்மார் எடுத்துச்சொன்னது ஒரு சூத்திரத்தை. நேரம் தவறாமல் போகவேண்டும், இரு என்றால் இருக்கவேண்டும், படி என்றால் படிக்கவேண்டும், தாகம் எடுத்தவனைப்போல் ஆசை இருக்கவேண்டும், சித்திரத்தில் எழுதிய பாவையைப்போல் அடக்கம் இருக்கவேண்டும், செவியே வாயாகவும் நெஞ்சே கொள்கலமாகவும் கேட்கவேண்டும் என்று அது சொல்கிறது. நான் யேர்மன் செமினாரில் இருந்தது அந்தச் சித்திரப் பாவையாகத்தான்.

ஆனால் பவணந்தியார் அதோடு நிறுத்தவில்லை. அடுத்தடுத்து வருகிற சூத்திரங்களில், கேட்டதைச் சிந்தித்தல், சிறந்த சக மாணவரோடு பயிலுதல், வினாவுதல், பிறர் வினாவியதற்கு விடை சொல்லுதல் எல்லாம் மாணவனின் கடமை என்கிறார். கணக்கும் வைத்திருக்கிறார். ஆசிரியன் சொன்னதை நன்றாகவே பிடித்துக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்கு. உடன் படிப்பவர்களோடு பழகி இன்னொரு கால். தானே பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் மீதி அரைவாசி. சித்திரப் பாவையாக மட்டும் இருப்பவனுக்குக் கால் பங்குப் படிப்புத்தான் என்று எங்கள் இலக்கண நூலே சொல்லியிருக்கிறது. ஆசிரியரையும் அவர் விட்டுவைக்கவில்லை. தானாக விழுந்தாலன்றி யாரையும் ஏறிப் பறிக்கவிடாத மடற்பனை போன்றவன் ஆசிரியனாக மாட்டான் என்கிறார். பனையைத் தெரிந்த எங்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

அந்த மற்றச் சூத்திரங்கள் எங்கே போயின? பாவையை வைத்துக்கொண்டு வினாவை மறந்தது பவணந்தியாரின் குற்றமல்ல. தமிழில் கேட்டல் என்ற சொல்லுக்கே செவிகொடுத்தல், வினாவுதல் என்று இரண்டு பொருள். திருக்குறளிற் கேள்வி என்ற அதிகாரம் செவியால் கற்பதைப் பற்றியது. இன்று கேள்வி என்றால் வினா. ஒரே சொல்லில் இரண்டும் இருந்தன. நாங்கள் ஒன்றைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு மற்றதைப் பூட்டி வைத்தோம்.

பூட்டியதற்குக் காரணங்கள் உண்டு. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரி யாழ்ப்பாணத்தின் முதல் உயர்கல்விக்கூடம். அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் ஆனார்கள். அப்போதிருந்து எங்களுக்குக் கல்வி என்றால் பரீட்சை, பரீட்சை என்றால் உத்தியோகம். கேள்வி பரீட்சைத்தாளில் வரும். அதற்கு விடை எழுதுவது மாணவன் வேலை. 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் ஐவர் ஜெனிங்ஸ் தலைமையில் இலங்கைப் பல்கலைக்கழகம், 1952இல் பேராதனை என்று வளர்ந்தபோதும், விரிவுரையாளர் சொல்லச் சொல்ல எழுதிய நோட்ஸ் கைமாறிக் கைமாறிப் பல ஆண்டு போனது. 1355இல் பாரிஸ் பெடியள் கல்லெறிந்து கேட்டதை நாங்கள் கல்லெறியாமலே பெற்றுக்கொண்டோம்.

இன்னொரு காரணம் வாங்கு. யாழ்ப்பாணப் பள்ளிக்கூடங்களில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்தில் இருத்தப்பட்டார்கள். உதவிபெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்ற அரசாங்கத்தின் உத்தரவு 1930ஐ ஒட்டி வந்தபோது, அதை எதிர்த்துப் பள்ளிக்கூடங்களையே எரித்தார்கள். பாப்பரசரின் ஆட்கள் செருக்கு அடங்கவேண்டும் என்று எல்லா மாணவரையும் நிலத்தில் இருத்தினார்கள். நாங்கள் சிலரை மட்டும் இருத்தினோம். தனக்குப் பக்கத்தில் யார் நிலத்தில் இருக்கிறான், ஏன் இருக்கிறான் என்று கேட்க அனுமதி இல்லாத வகுப்பறையில் வேறு எந்தக் கேள்வியைக் கேட்கப் பழகியிருப்போம்?

பகிடிவதையையும் இங்கே சேர்க்கவேண்டும். வேடிக்கை, அறிமுகம், சமத்துவம் என்றெல்லாம் அதற்கு நியாயம் சொன்னார்கள். 1997இல் பேராதனைப் பொறியியற்பீட மாணவன் ஒருவன் அதன் விளைவாக உயிரிழந்தான். 1998இல் அதைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. பகிடிவதை கற்பித்தது ஒரே பாடம்: மேலே இருப்பவனைக் கேள்வி கேளாதே, அடுத்த வருடம் நீ மேலே இருப்பாய்.

1974இல் பேராசிரியர் கைலாசபதியை முதலாவது தலைவராகக் கொண்டு யாழ்ப்பாண வளாகம் திருநெல்வேலியில் திறக்கப்பட்டது. தமிழில் உயர்கல்வி, தமிழில் விவாதம் என்று பெரிய நம்பிக்கைகள் இருந்தன. அவற்றிற் பல நிறைவேறவும் செய்தன. பிறகு யுத்தம் வந்தது. வகுப்பறைக்கு வெளியே எல்லாப் பக்கத்துத் துவக்குகளும் ஒரே ஒழுங்கைத்தான் எதிர்பார்த்தன: சொல்வதைக் கேள். அந்தச் சொல்லின் ஒரு பொருள் மட்டும். அங்கே உடற்கூற்றியற் துறைத் தலைவராக இருந்த ராஜினி திராணகம மற்றப் பொருளிலும் கேட்டார். எல்லாத் தரப்பையும் கேட்டார். சக ஆசிரியர்களோடு சேர்ந்து அதை எழுதி வைத்தார். 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்புகையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

*

என் மகள் இப்போது இங்கே பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். ஒருநாள் சாப்பாட்டு மேசையில், செமினாரில் பேராசிரியர் சொன்னது பிழை என்று தான் சொன்னதாகவும், அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஓம் என்று ஒப்புக்கொண்டதாகவும் சாதாரணமாகச் சொன்னாள். என் மனைவி பதறிப்போய், உனக்கென்ன விசரா, பெரிய மனிசரோடு அப்படியா கதைக்கிறது என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குள்ளும் அந்தப் பதற்றம்தான் முதலில் வந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

பிறகு அவளிடம் இரண்டு விடயங்கள் சொன்னேன். ஒன்று, நீ கேட்கிற கேள்விக்கு முன்னால் அவர் சொன்னதை முழுதாகக் காதால் கேட்டாயா என்று உன்னையே கேட்டுக்கொள். தாகத்தோடு கேட்கவேண்டும் என்று பவணந்தியார் சொன்னது இன்றைக்கும் சரிதான். கையில் போனை நோண்டிக்கொண்டு இருப்பவனின் கேள்விக்கும் கல்லெறிபவனின் சத்தத்துக்கும் அதிக வித்தியாசம் இல்லை. மற்றது, உன் வகுப்பில் பேசாமல் இருக்கிற பிள்ளை யாரென்று பார். புதிதாக வந்த சிரியப் பெடியனோ ஆப்கான் பெட்டையோ இருக்கலாம். ஈடுபாடு இல்லை என்று நினைக்காதே. பக்கத்தில் போய் இரு. மேசையில் ஏன் தட்டுகிறார்கள் என்று விளங்கப்படுத்து.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அப்பா, உங்கட காலத்தில ஊரில ஒருத்தரும் கேள்வி கேட்கேல்லையா?"

கேட்டார்கள் என்றேன். அவர்களைப்பற்றிச் சொல்லத் தொடங்க இரவு நேரமாகிவிட்டது.